காசநோயாளியின் வீட்டாருக்கும் பருப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசநோயாளிகளுக்கான மாத உதவித்தொகை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, நோயாளியோடு நின்றுவிட்டது. அவரோடு ஒரே அறையில் உண்டு உறங்கும் வீட்டாரைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பதால், வடசென்னையில் நெடுங்காலம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற நான் இதை எழுதுகிறேன்.

காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டியது நம் சென்னை. 1956-இல் இங்கே தொடங்கப்பட்டு, இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் மையம், நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. 1959-இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். நோயாளி வீட்டில் தங்கியதால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைந்த சாப்பாடு. அப்படியிருந்தும் மருந்து வேலை செய்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், சத்துணவெல்லாம் இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் ஊன்றிப்போக இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. உண்மையில் அந்த ஆய்வு சோதித்தது, வந்த நோய் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் தீருமா என்பதைத்தான். வீட்டாருக்குச் சத்தான உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்பதை அது சோதிக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு விடை தந்திருக்கிறது. நோயாளிகள் அனைவருக்கும் அதில் உணவு கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. வீட்டார் 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்ததாக 2023-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது.

காசிமேட்டில் நான் போய்வந்த ஒரு வீட்டில், மீன் வெட்டும் வேலை செய்யும் அம்மா ஒருவருக்குக் காசநோய். அவருக்கென்று கொடுத்த சத்துமாவை நான்கு டம்ளரில் ஊற்றி, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் கொடுத்துவிட்டு, அடியில் மிஞ்சியதைத்தான் அவர் குடிப்பார். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்; அவரிடம் போய் 'நீ மட்டும் சாப்பிடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த தொகையை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அந்தப் பணமும் இப்படித்தான் ஐந்தாறு பேருக்குப் பங்காகிறது. 'நிக்ஷய் மித்ரா' என்ற அரசுத் திட்டத்தின் உணவுக் கூடையோ கொடையாளர் முன்வந்தால்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கெனப் புதிதாக ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. ரேஷன் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பற்றாக்குறை பருப்பில்தான். கார்டுக்கு ஒரு கிலோ என்பது ஆறு பேர் உள்ள வீட்டுக்கு எந்த மூலைக்குக் காணும்? சிகிச்சை நடக்கும் ஆறு மாதங்களுக்கு மட்டுமாவது, நோயாளி உள்ள குடும்பத்துக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோ என்று கணக்கிட்டுக் கொடுக்கலாம். கார்டில் நோயின் பெயர் தெரியாதபடி இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் வரிசையில் நிற்கும்போது அக்கம்பக்கத்தார் கண்டுகொள்வார்கள் என்ற பயத்தில் பலர் பொருளே வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள்.

கூடவே, வீட்டாரைப் பரிசோதிக்கப் போகும் பணியாளர்கள் எடையையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் எடை குறைந்தவர்களையும் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் காசநோய் எளிதில் பற்றும். தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை, ராயபுரத்து நீரிழிவு மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள் 2012-இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு ஆகிய மூன்று பகுதிகளிலாவது இந்தப் பருப்புத் திட்டத்தை முதலில் தொடங்குமாறு, சுகாதாரத் துறையையும் உணவுத் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.