ஜயபேரிகையில் ‘தோம்’ நிற்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பாரதியின் ‘ஜயபேரிகை கொட்டடா’ பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடித்தோம், குடித்தோம் என்று அடி முடிவில் வருவதை எதுகை என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். அது இயைபு, அதாவது அடிகளின் இறுதி ஓசை ஒன்றி வருவது. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை அடியின் தொடக்கத்தில் இருக்கிறது: பல்லவியில் ‘ஜய’, அடுத்து ‘பய’, பிறகு ‘வியன்’. இரண்டாம் சரணத்தில் இரவி, கரவு; மூன்றாவதில் காக்கை, நோக்கு. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ஓரிடத்திலும் பிசகவில்லை.

சரி, இலக்கணம் கிடக்கட்டும். ‘தோம்’ திரும்பத் திரும்ப வருவதால்தான் பாட்டு வெற்றி முழக்கமாகிறது என்கிறார். பாதி உண்மை. அடித்தோம், குடித்தோம், கைப்பிடித்தோம், குளித்தோம், களித்தோம், விழித்தோம் என்று ஆறு முறை கொட்டிவிட்டு, ‘காக்கை குருவி எங்கள் ஜாதி’ என்று தொடங்கும் மூன்றாம் சரணத்தில் ‘தோம்’ அடியோடு நின்றுவிடுகிறது. ஜாதி, கூட்டம், களியாட்டம் என்றுதான் முடிகிறது; செய்ததைச் சொல்லும் வினைமுற்றே கிடையாது. முதல் இரண்டு சரணங்களிலேயே பேய், பாம்பு, காலன் எல்லாம் ஒழிந்தாயிற்றே, இனி யாரை அடிப்பது? நடையும் மாறுகிறது. ‘வியனுல கனைத்தையும் அமுதென நுகரும்’ என்று முதல் சரணத்தில் குறில்களாக ஓடிய மூன்றாம் அடி, இங்கே ‘நோக்குந் திசையெலாம் நாமன்றி வேறில்லை’ என்று நெடில்களில் நிதானமாக நடக்கிறது. என்னைக் கேட்டால் உண்மையான வெற்றி இந்தச் சரணத்தில்தான்.

அப்புறம் ஒரு குறை. பாட்டை அச்சிட்டபோது ‘பொய்ம்மைப்’, ‘ஒளி’, ‘நீள்’ என்ற தனிச்சொற்களை அடுத்த அடியோடு ஒட்டிவிட்டீர்கள். அவை முதலடியின் கடைசியில், கோட்டுக்குப் பின் நிற்க வேண்டியவை. ‘நீள்’ முன்னால் வந்து உட்கார்ந்தால் காக்கைக்கும் கடலுக்கும் உள்ள மோனை, அதாவது முதலெழுத்துப் பொருத்தம், போச்சு; பாடுகிறவருக்குத் தாளமும் தப்பும். இங்கே யாங்கோனில் பிள்ளைகள் பலர் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துத்தான் தமிழ்ப் பாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். பொருள் பிடிபடும்வரை அவர்களுக்குக் கைகொடுப்பது ஓசைதான். (1928இல் பாரதியின் பாடல்களுக்கு முதலில் தடை போட்டது பர்மா அரசு, சென்னை அதைப் பின்பற்றியது. அந்தப் பர்மாவில் இருக்கும் நாமாவது அவரைச் சரியாக அச்சிட வேண்டாமா?)

பாரதி விழாவுக்கு முன் பாட்டை மறுபடி வெளியிடுங்கள், கோடுகளோடு. பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காக்கை குருவியையும் பேயை அடித்த அதே தொண்டையில் கத்த வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், யாங்கோன்