ஓடுகாலிப் பாதை

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. பதில் போடாதது என் தப்புதான். சுமதி விஷயத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் கொஞ்சம் அதிகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை; ஞாயிற்றுக்கிழமை ஒரு குண்டான் கொள்ளு வேகவைத்தால் புதன் வரை ஓடும்.

இப்போது வான்கூவரிலிருந்து காம்லூப்ஸுக்கு ஓட்டுகிறேன். நடுவில் கோக்கிஹாலா மலைச்சாலை, அக்கா பிறந்த 1986-இல் திறந்தது. உச்சி 1,244 மீட்டர். திரும்பி வரும்போது, இறக்கத்துக்கு முன் லாரியை நிறுத்திப் பிரேக்கைப் பார்த்தே ஆக வேண்டும். அப்படியும் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால், சாலையோரம் மேட்டுப்பக்கமாக ஒரு தனிப்பாதை இருக்கிறது. முழுக்கப் பொடிக் கூழாங்கல். ஏற்றினால் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும். பலகையில் ‘ரன்அவே லேன்’ என்று எழுதியிருக்கும். அப்பாவிடம் சொல். தொப்பூர் இறக்கத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அவர் இன்று விந்தி நடக்க வேண்டியதில்லை.

ரன்அவே என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஓடுகாலிதான். லாரிக்குமா என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டேன். பழைய இங்கிலீஷ் டீச்சர். பனி கொட்டினாலும் அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்று பனி அள்ளுவார். வீட்டைவிட்டு ஓடிய பிள்ளை, எஜமானிடமிருந்து தப்பிய அடிமை, ஹாக்கியில் எதிரணி கிட்டவே வர முடியாத வெற்றி, பிடிக்குள் நிற்காத விலைவாசி, எல்லாமே ரன்அவேதானாம். என் வீட்டு வாடகையையும் அதில் சேர்க்கலாம். இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். பேங்க்கில் ஏதோ வேலை நடக்கிறது, வேறொன்றுமில்லை.

பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தால் அப்பாவின் காக்கிச் சட்டை ஞாபகம் வருகிறது. போன வாரம் மலை உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அரைமணி நேரம் இருந்தேன். தூக்கம்தான்.

சித்தப்பா சுமதியைத் தலைமுழுகிவிட்டதாக எழுதியிருக்கிறாய். சரி, சொல்லாமல் போனாள், தப்புதான். ஆனால் ராசிபுரத்தில்தானே இருக்கிறாள்? அவளுக்குப் பெரியம்மா நீ, போய்ப் பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. பையனுக்கு வேலை நிரந்தரமா என்று விசாரி. பீரோ மேல்தட்டில், அக்கா கல்யாணத்துக்கு எடுத்து மிச்சமான அரக்குப் பட்டு இருக்கும். அதை அவளிடம் கொடு.

கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு கேட்கிறார்கள்? அதையும் எழுது.

அன்புடன்,
குமார்