கூரை வேலைக்கு வந்த தச்சர் அண்ணாவுக்கு நன்றி

எங்கள் தெருப் பாட்டி காலமான பிறகு அவர் வீட்டுக் கூரையைப் பிரித்தபோது, பரணிலிருந்து ஒரு கூகைக் குஞ்சு தரையில் விழுந்தது. பெயர்கூடச் சொல்லாமல் போன அண்ணா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

யாரோ டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அலகில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று தடுத்தீர்கள். துண்டைத் தலையோடு போர்த்தி, நகம் கீறாதபடி இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்தீர்கள். காயமில்லை என்று பார்த்ததும் பரணிலேயே திரும்ப விட்டீர்கள். தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய்க்கூகை பெரும்பாலும் இரை கொடுக்காது. மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பதோ வெறும் பேச்சு.

குஞ்சுகள் பறக்கும்வரை வேலையையும் நிறுத்திவைத்தீர்கள். பிறகு மிச்சப் பலகையில் ஒரு கூடு: வாசல் 13 செ.மீ. சதுரம், வாசலிலிருந்து அடிப்பலகை வரை 45 செ.மீ. ஆழம். ஆழம் குறைந்தால் குஞ்சுகள் பறக்கப் பழகும் முன்பே எட்டிப் பார்த்து விழுந்துவிடும்.

பாட்டி எலிமருந்து வைக்கவே விடமாட்டார். மருந்து தின்ற எலியைப் பிடிக்கும் கூகையின் ஈரலிலும் அந்த நஞ்சு சேரும். அவர் காத்த கூகைகளை அவருக்குப் பின் நீங்கள் காத்தீர்கள்.

பதிவைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், அண்ணா. வேலை நின்ற நாள்களின் கூலியை நாங்கள் கொடுத்தே ஆக வேண்டும்.