சகம்பரியைக் கொன்றது காதலா?

நேபாளி இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாரிஜாத் எழுதிய 'சிரீஷ்கோ ஃபூல்' நாவலைப் பற்றி ஒரு முறையீடு. விக்ரம ஆண்டு 2022-க்கான (பொ.ஆ. 1965-66) மதன் புரஸ்காரம் என்னும் நேபாளத்தின் பெரும் இலக்கிய விருதை அது பெற்றதும், அவ்விருதை வென்ற முதல் பெண் பாரிஜாத் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழ்வின் வெறுமையைப் பேசும் நாவல் என்று அதற்கு ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது. யாருடைய வெறுமை?

கதை முழுவதையும் சொல்பவன் சுயோக்பீர், முன்னாள் கூர்க்கா சிப்பாய், குடிகாரன். நண்பனின் சகோதரி சகம்பரி முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், சிகரெட் பிடிக்கிறாள், வெடுக்கென்று பேசுகிறாள். அவனுக்கு அவள் புதிர். (பிடிகொடுக்காத பெண்ணுக்கு ஆண்கள் வைக்கும் கௌரவமான பெயர் அது.) ஒருநாள், கேளாமல் முத்தமிடுகிறான். பிறகு அவள் இறந்துபோகிறாள். அவள் மனத்தில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரிய வழியே இல்லை; பேனா அவன் கையில்.

இதைக் காதல் சோகம் என்று வாசிக்க வேண்டுமானால் பர்மா பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அங்கே பெண்களைத் தான் சீரழித்ததை அவனே சொல்கிறான். போர்முனையில் நீண்ட அதே கைதான் காட்மாண்டு வீட்டிலும் நீள்கிறது. முதல் வாசிப்பில் எனக்கும் இது உறைக்கவில்லை, அவனுக்காகவே வருந்தினேன்.

பி.பி.கொய்ராலாவின் 'தீன் கும்தி'யையும் (மூன்று திருப்பங்கள்) நீங்கள் நடத்துவீர்கள். நேபாளப் பிரதமராக இருந்து பதவி பறிக்கப்பட்ட அவர் சுந்தரிஜல் சிறையில் எழுதிய நாவல். அதன் இந்திரமாயா பெற்றோரை மீறிப் பீதாம்பரை மணக்கிறாள். அவன் சிறையிலிருக்கும்போது ரமேஷின் குழந்தைக்குத் தாயாகிறாள். கடைசியில் கணவனை விட்டும் போகிறாள். மூன்று திருப்பங்களிலும் முடிவெடுப்பவள் அவள். அவளைப் பாராட்டுவது எளிது, வாசலைத் தாண்டிவிட்டாள் அல்லவா? சகம்பரி தாண்டவில்லை. ஆனால் அவளது மறுப்பு கொஞ்சமும் குறைந்ததல்ல. அதைக் கேட்க, சொல்பவனை நம்பாமல் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த நாவலை எடுக்கும்போது வாழ்வே வெறுமை என்னும் சூனியவாதத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். முத்தக் காட்சியைப் பர்மா பக்கங்களோடு சேர்த்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மாணவிகள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் முறை படித்த ஒரு வாசகி