ஞாயிறு தனுஷ்கோடி: கரைப்பறவை படம் எடுக்க வருபவர்களுக்கு

ஞாயிறு காலை 6 மணிக்கு கோதண்டராமர் கோயில் பிரிவில் கூடுகிறோம். வெயில் ஏறினால் கானலில் படம் கலங்கிவிடும், தாமதிக்க வேண்டாம்.

கரைப்பறவைகளில் உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென நிற்கும், கொத்தும். நிற்கும் அந்த நொடிக்குக் காத்திருங்கள். உள்ளான் அப்படியல்ல, தையல் மிஷின் மாதிரி சேற்றில் அலகை இறக்கிக்கொண்டே போகும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி வையுங்கள். குப்புறப் படுத்தால்தான் கண்மட்டப் படம் கிடைக்கும், அதனால் பழைய சட்டை போதும்.

பறவையை நோக்கி நடக்காதீர்கள். அது மேய்ந்து வரும் பக்கத்தில் முன்கூட்டியே படுத்துக்கொண்டால் அதுவே கிட்ட வரும். தலை தூக்கிப் பார்த்தால் அசையாதீர்கள். பங்குனி மாதம், வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பிப் போகக் கொழுப்பு சேர்க்கிற நேரம். பறக்கும் படத்துக்காக விரட்டுகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். ட்ரோனும் கிடையாது. அப்புறம், தண்ணீரும் தொப்பியும் அவரவர் பொறுப்பு.