மூன்றாவது அட்டைக்கு முன்னால் ஒரு கேள்வி: மருந்துக்கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவன். வயது 52. பெயர் வேண்டாம், படிக்கும்போதே ஊரில் பாதிப் பேருக்கு யார் என்று தெரிந்துவிடும். ஆறு வருடமாக உங்களில் யாரோ ஒருவரிடம் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து, "அண்ணா, கேஸ் மாத்திரை ஒரு நாலு" என்று கேட்டிருக்கிறேன். நீங்களும் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நமக்குள் அதற்கு மேல் பேச்சு நடந்ததில்லை. அந்தப் பேச்சு கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

என் தொல்லை ஊரறிந்த தொல்லைதான். ராத்திரி கணக்கு முடித்துப் பத்தரைக்கு மேல் சாப்பாடு. கை கழுவிய ஈரம் காயும் முன் படுக்கை. மூன்று மணிக்கு எழுந்தால்தான் லோடு இறங்கும்போது மண்டியில் நிற்க முடியும். நடுவில் நெஞ்சு எரிந்து விழிப்பு வரும்; தொண்டை வரை புளித்த தண்ணீர் எதுக்களிக்கும். எழுந்து உட்கார்ந்து ஒரு மாத்திரை, இல்லையென்றால் ஒரு சோடா. காலையில் இருமல் இருக்கும், பனி என்று நினைத்துக்கொள்வேன். குரல் கரகரக்கும், ஏலத்தில் கத்துகிறவனுக்குக் குரல் கம்மாமல் என்ன செய்யும் என்று விட்டுவிடுவேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

போன வருடம் பக்கத்து அரசுப் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. நான் போனது என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட. வரிசையில் சும்மா நிற்கிறாரே என்று என்னையும் உட்கார வைத்து ரத்தம் எடுத்துவிட்டார்கள். சர்க்கரை 240. அதைக்கூட எதிர்பார்த்தேன், எங்கள் அப்பாவுக்கும் இருந்தது. ஹீமோகுளோபின் 9 என்று வந்ததைத்தான் டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார். ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகைக் கணக்கு. "உங்களுக்கு ரத்தம் எங்கேயோ கசியுதுங்க. மலம் கறுப்பா போகுதா?" என்று கேட்டார். ஆமாம், சில மாதமாகவே. தினமும் கேழ்வரகுக் களி தின்கிறவனுக்கு வேறு எந்த நிறத்தில் போகும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த கேள்வி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இடுப்பு வலிக்கு ஒன்று, வாரத்தில் மூன்று நான்கு நாள். அதுவும் உங்கள் கவுண்டரில் வாங்கியதுதான். பல நாள் கேஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒரே உறையில்தான் வந்தன. வலி மாத்திரைகள் இரைப்பையின் உள்பக்கத்தைப் புண்ணாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒன்று தீ வைக்க, இன்னொன்று தண்ணீர் ஊற்ற, இரண்டுக்கும் நானே காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எண்டோஸ்கோபி என்றதும் பயந்தேன். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, குழாய் விட்டுப் பார்த்து எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. இரைப்பையில் புண், உணவுக்குழாயின் அடியில் அரிப்பு. இரைப்பையின் மேல்வாயில் சுருக்குப் பையின் வாய் போல ஒரு வளையத் தசை இருக்கிறதாம். சுருக்கு தளர்ந்தால் அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அது கிடையாது. படுத்துக்கொண்டால் பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் மாதிரி இன்னும் சுலபமாக வந்துவிடுகிறது.

இரண்டரை மாத சிகிச்சைக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் உணவுக்குழாயின் அடியில் ஒரு சிறிய இடத்தில் தோல் மாறியிருந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த ஒன்பதாவது நாள் வரை வீட்டில் யாரும் என்னிடம் சத்தமாகப் பேசவில்லை. பாரெட் உணவுக்குழாய் என்றார்கள். 1950-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயர் அது. வருடக்கணக்கில் அமிலம் பட்டுப்பட்டு, உணவுக்குழாயின் தோல் குடலின் தோல் மாதிரி மாறிக்கொள்வது. இது புற்றுநோய் இல்லை. இது இருப்பவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் புற்றாக மாறுகிறது. ஆனாலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். என்னை மூன்று வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் அட்டவணை எச் மருந்துகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதவை என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் சட்டப் புத்தகத்தோடு உங்கள் கடைக்கு வரவில்லை. நாளையிலிருந்து சீட்டு இல்லாமல் மாத்திரை இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் கவுண்டரில் முதலில் சண்டை போட்டிருப்பவன் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்களுக்கு ஒரு நாள் வியாபாரம் போகும். உங்களிடம் வந்தால் இரண்டு நிமிடம். இந்த ஊரில் பலருக்கு முதல் டாக்டர் நீங்கள்தான். அந்த இடத்தை எங்களிடமிருந்து நீங்கள் பிடுங்கவில்லை, நாங்களாகக் கொடுத்தது.

அதனால்தான் கேட்கிறேன். ஒரே ஆள் மூன்றாவது முறை கேஸ் மாத்திரைக்கு வந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன், "எத்தனை நாளாங்க இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது சோறு நெஞ்சில் நிற்கிறதா, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா, வாந்தியில் ரத்தம் உண்டா, மலம் தார் மாதிரி கறுப்பா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாத்திரையோடு அனுப்பிவிடாதீர்கள். அப்புறம், சீட்டோடு வருபவர்களிடமும் அந்த மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்லுங்கள். நான் ஆறு வருடமும் ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் போட்டேன்.

எங்கள் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் நான்கு மாதம் பன்னை டீயில் நனைத்துத்தான் சாப்பிட்டார். வாயில் எப்போதும் புகையிலை. அவருக்கும் அது கேஸ்தான். கடைசியில் சேலத்துக்குக் கொண்டுபோனபோது உணவுக்குழாயில் கட்டி, தண்ணீர்கூட இறங்கவில்லை. நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பகுதி என்னுடையது மாதிரி அமிலத்தால் வருவதில்லை. புகையிலையும் சாராயமும் சேர்ந்து செய்கிற வேலை அது. அவர் இப்போது இல்லை. அந்த நான்கு மாதமும் தினமும் அவரோடு டீ குடித்தவன் நான், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று கேஸ் இல்லாத கேஸ். வியர்த்துக் கொட்டிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, தாடையோ இடது கையோ இழுக்கிறது என்று ஒருவர் வந்து கேஸ் மாத்திரை கேட்டால் தயவுசெய்து விற்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலே வரலாம் என்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள்: ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 8. அந்தப் பதினான்கைப் போட்டு அனுப்பினால் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு பிடிமானம்.

நம் மாவட்டத்துக்கே ஒரு பழக்கம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரும்வரை பல்லெல்லாம் பழுப்புக் கறையாக, நாற்பது வயதில் முட்டி மடங்காமல், "நம்ம ஊர் தண்ணி அப்படி" என்று வாழ்ந்தவர்கள் நாம். அது தண்ணீரில் அளவுக்கு மீறி இருந்த புளோரைடு உப்பு செய்த வேலை என்று சொல்ல வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. "நம்ம வயிறு அப்படி" என்பதும் அதே பேச்சுதான்.

நாற்பது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள இப்போது பெரிய செலவு கிடையாது. வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நான் மண்டியில் இருந்தேன். இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். முகாமுக்குப் போன என் மனைவிக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவள் சாப்பிடுவது ஏழரை மணிக்கு. இப்போது எனக்கும் அதே பந்திதான். கட்டில் தலைமாட்டில் இரண்டு செங்கல் வேறு.

மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன், ஐம்பது பிரதி. வருகிற வாரம் பாலக்கோடு, காரிமங்கலம் கடைகளுக்கு நானே கொண்டு வருகிறேன். கவுண்டரில் கத்தரிக்கோல் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்ட இடம் கொடுத்தால் போதும். பசையும் நானே கொண்டு வருவேன். வரும்போது என் மாத்திரையையும் வாங்கிக்கொள்கிறேன், இந்த முறை சீட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்,
பாலக்கோடு