முப்பரிமாண ஸ்கேன் எந்திரத்துக்கு இன்னும் ரூ. 7,40,000 தேவை

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நம் தர்ம ஆஸ்பத்திரிக்கு முப்பரிமாண அல்ட்ராசவுண்ட் எந்திரம் வாங்கலாம் என்று பங்குனியில் முடிவு செய்தோம். செய்தி பரவியதும் பலரும் கேட்டது ஒன்றுதான்: "வயிற்றுப் பிள்ளையின் முகத்தைப் போட்டோ பிடிக்கவா இத்தனை லட்சம்?" நியாயமான கேள்வி. அதற்காக மட்டும் என்றால் நாங்களே ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டோம்.

கம்பெனிக்காரர் எந்திரத்தை ஓட்டிக் காட்ட வந்தபோது குழுவில் நான்கு பேர் கூடவே நின்றோம். உடம்பில் வைத்துப் பார்க்கும் கைப்பிடிக் கருவியான ப்ரோபைக் கையில் வாங்கினால் உள்ளங்கையில் லேசாக உறுமுகிறது. உள்ளே ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் படிக வரிசையை ஒரு சின்ன மோட்டார் இப்படியும் அப்படியும் ஆட்டுகிறதாம். ஆடும்போதே வில்லை வில்லையாகப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டர் அவற்றை அடுக்கிவிடுகிறது. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி, திரும்ப வரிசையாக அடுக்கினால் முழுத் தண்டு கிடைக்கும் அல்லவா, அதேதான். அடுக்கிய பிறகு, திரையிலேயே எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் கத்தி போட்டுப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது அந்தக் கத்திதான், முகப் போட்டோ அல்ல.

டாக்டரம்மா சொன்ன உதாரணம் எல்லாருக்கும் புரிந்தது. அடுத்தடுத்துக் கரு கலையும் பெண்களில் சிலருக்குக் கருப்பைக்குள் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். வேறு சிலருக்குக் கருப்பையே மேலே இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். சாதாரண ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தடுப்பு என்றால் வயிற்றைத் திறக்காமல் குழாய் விட்டு எடுத்துவிடலாம். கொம்பைத் தடுப்பு என்று நினைத்து வெட்டினால் கருப்பை ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. கருப்பையின் வெளிவிளிம்பை முன்னாலிருந்து பார்ப்பதுபோல ஒரு வெட்டு கிடைத்தால் குழப்பம் தீரும். பழைய எந்திரத்தில் ப்ரோபை எப்படிச் சாய்த்தாலும் அந்தக் கோணம் பெரும்பாலும் வாய்க்காது. இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். பஸ் செலவு, ஸ்கேன் செலவு, துணைக்கு வருபவரின் கூலி நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பலர் போவதே இல்லை.

அப்புறம், உதட்டுப் பிளவு. ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே அது தெரிந்தால், பாலூட்டுவது எப்படி, அறுவை சிகிச்சை எப்போது என்று வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லித் தயார் செய்யலாம். பிரசவ அறையில்தான் தெரிகிறது என்றால் பெற்றவளையே குற்றவாளியாக்க நாலு வாய் தயாராக இருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்தாளாமே என்பார்கள்.

எல்லாவற்றையும் இந்த எந்திரம் காட்டிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை கையால் முகத்தை மூடிக்கொண்டாலோ, பனிக்குட நீர் குறைவாக இருந்தாலோ, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் திரையில் களிமண் உருண்டைதான் தெரியும். இது புதுச் சங்கதியும் இல்லை. ஆஸ்திரியாவின் க்ரெட்ஸ்டெக்னிக் கம்பெனி 1989-இலேயே இத்தகைய எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது. நம் ஊருக்குத்தான் இப்போது வருகிறது.

இன்னொன்றைக் கறாராகவே சொல்லிவிடுகிறோம். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவு பெறாத இடத்துக்கு எந்திரத்தை விற்கவே கூடாது. கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும், அந்தச் சட்டம் கேட்கும் விவரப் பதிவான எஃப் படிவம் எழுத வேண்டும். பத்தாயிரம் கொடுத்தேன், என் மருமகளுக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று யாரும் வர வேண்டாம். அப்படி நினைத்துக் கொடுக்கும் பணமும் வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு ப்ரோபுகளோடு எந்திரத்தின் விலை 19 லட்சம். யு.பி.எஸ்., மின்வேலை, அறையைச் சீர்செய்வது எல்லாம் சேர்த்து 1 லட்சம். இதுவரை சேர்ந்தது ரூ. 12,60,000. ஏசி ஒன்றைத் தன் செலவில் மாட்டித் தருவதாக ஓர் அன்பர் ஒத்துக்கொண்டிருப்பதால் அது இந்தக் கணக்கில் இல்லை. மீதி ரூ. 7,40,000 ஆவணி முடிவதற்குள் சேர்ந்தால் இந்த விலைக்கே தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது.

நூறு ரூபாயானாலும் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காசோலையை அறக்கட்டளையின் பெயருக்கு மட்டுமே எழுதுங்கள். குழு உறுப்பினர் வீட்டுக்கே வந்து கேட்டாலும் கையில் ரசீது புத்தகம் இல்லையென்றால் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதக் கடைசியில் மருந்தகத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்படும். பெயர் வெளியே வர வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லிவிட்டால், பலகையில் 'அன்பர்' என்று போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஸ்கேன் எந்திர நிதிக் குழுவினர்